ஆலைகளின் புதுமையும் காவலும்

மதுரையினின்று மேற்கே புறப்பட்டுத் தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் ஆகிய ஊர்களைக் கடந்து கூடலூரை அடையும் வழிப்போக்கர்க்கு, வானை முட்டும் மலைத்தொடர் ஒருபுறமும், இருபோகம் விளையும் நன்செய்களும் திராட்சைப் பந்தல்களும் மறுபுறமும் காட்சியளிக்கும். கூடலூரைத் தாண்டிக் குமுளி மலைப்பாதையின் அடிவாரத்தை நெருங்கின், பருத்த இரும்புக் குழாய்கள் மலைச்சரிவின் மேலிருந்து கீழிறங்கி ஒரு பெரிய கட்டடத்தினுள் மறைவதைக் காணலாம். அவ்விடமே லோயர் கேம்ப் எனப்படும் பெரியாற்று மின்னிலையம். பேருந்திற் செல்வோருட் பலர் அதனை ஒரு கணம் நோக்கிவிட்டுப் பின் குமுளியின் வளைவுகளில் மனத்தைச் செலுத்துவர். யாமோ, ஆலைகளுக்கு அறிவுரை கூறுவதைப் பற்றி எழுதப் புகுந்தபொழுதெல்லாம் அக்குழாய்களே எம் நினைவில் முன்னிற்கின்றன.

என்னை? மேற்கே ஓடிக் கடலிற் கலக்கும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பலாம் என்னும் எண்ணம் மிகப் பழையது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இராமநாதபுரம் சமஸ்தானத்துப் பிரதானி முத்திருளப்ப பிள்ளை அதனை ஆராய ஆட்களை அனுப்பினார். பின்னர் 1808-இல் கால்டுவெல் என்னும் படைத்தலைவர் மலையை நேரில் அளந்து, இஃது ஆகாத காரியம் என்று அறிக்கை எழுதினார். அக்காலத்துக் கருவிகளையும் கைகளையும் கொண்டு நோக்கின், அவ்வறிக்கையைப் பிழையென்று யாம் எளிதிற் சொல்ல மாட்டோம். ஆயினும் எழுபது ஆண்டுகள் கழிந்தபின் அதே மலையைப் பென்னிகுயிக் வேறு கண்கொண்டு பார்த்தார். 1886 அக்டோபர் 29-ஆம் நாள் திருவிதாங்கூர் அரசோடு 999 ஆண்டுக் குத்தகை கையெழுத்தாயிற்று. 1895 அக்டோபர் 10-ஆம் நாள் ஒரு மைலுக்கு மேற்பட்ட நீளமுள்ள சுரங்கத்தின் வழியே நீர் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கிற்று. அந்நீர் நெல்லை விளைவித்தது. மதுரைக்கும் இராமநாதபுரத்துக்கும் உயிரளித்தது. எனினும் அது மலையினின்று விழுந்த வேகம் அறுபது ஆண்டுக்கு மேல் எவருக்கும் பயன்படாமற் கழிந்தது. 1950-களின் இறுதியிலே தொடங்கி ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தப்பெற்ற 35 மெகாவாட் எந்திரங்கள் நான்கும் அவ்வேகத்தைப் பிடித்துக்கொண்டன. நீர் அதுவே, சரிவும் அதுவே. கேட்ட கேள்வி மட்டும் புதிது. மின்சாரம் எடுப்பதற்குரிய ஒப்பந்தமோ 1970-இலேதான் எழுதப்பட்டது. வேலை முன்னும் சட்டம் பின்னுமாக நடப்பது நம் நாட்டிற் புதிதன்று.

இனி நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு வருவோம். பொருள்களைச் செய்து விற்கும் ஆலைகளுக்குச் சென்று, இருக்கும் எந்திரங்களைச் சோதித்து, எவற்றைப் புதுப்பிக்க வேண்டும், எவற்றை அப்படியே விடவேண்டும், புதியவற்றை யாங்ஙனம் இணைக்கவேண்டும், இணைத்தபின் அவற்றைத் தீயோர் கையினின்று யாங்ஙனம் காக்கவேண்டும் என்று அறிவுரை கூறுவது இன்று ஒரு தனித் தொழிலாக வளர்ந்துள்ளது. நம் கல்லூரியிற் பௌதிகமும் கணிதமும் கணிப்பொறியியலும் பயிலும் இளைஞருட் சிலர் இத்தொழிலிற் புகுவர். ஏனையோரும், தம் தந்தையரின் அரிசி ஆலையிலோ ஏலக்காய்க் கிடங்கிலோ நூற்பாலையிலோ இத்தகைய ஆலோசகர் ஒருவரைச் சந்திக்கும் நாள் வரும். ஆதலின் அவர் யாது செய்கிறார், யாது செய்யவேண்டும் என்பதை ஒருவாறு அறிந்திருத்தல் நலம்.

தென்னாட்டில் ஆலைத்தொழிலின் வரலாறே அறிவுரையின் வரலாறு என்று சொன்னால் மிகையாகாது. ஹார்வி சகோதரர்கள் 1880-களிற் பாபநாசத்தின் அருவிநீரைக் கொண்டு பஞ்சாலையை ஓட்டினர். பிறகு மதுரையிலும் ஆலை நிறுவினர். 1930-களின் தொடக்கத்திற் பைக்காராவின் மின்சாரம் கோயமுத்தூருக்கு வந்தபின் அங்கே பஞ்சாலைகள் காளான் முளைத்தாற்போலப் பெருகின. நீராவிக்கு விறகும் நிலக்கரியும் தேடிய முதலாளிகள் கம்பியை இழுத்துக்கொண்டால் போதும் என்ற நிலை வந்தது. ஆனால் ஆலை கட்டுவது வேறு, ஆலையை நன்கு நடத்துவது வேறு. ஒரே பஞ்சை, ஒரே வகை எந்திரத்தில், ஒரே அளவு சம்பளத்திற்கு நூற்கும் இரண்டு ஆலைகளில் ஒன்று இலாபமும் மற்றொன்று நட்டமும் அடைவதேன் என்று எவரும் அளந்து பார்த்திலர். அதனை அளக்கவே ஆமதாபாத்தில் 1947-இல் அட்டீரா என்னும் ஆராய்ச்சிச் சங்கமும், கோயமுத்தூரில் 1956-இல் சிட்ரா எனப்படும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமும் தோன்றின. ஆமதாபாத்துச் சங்கத்தை முதலில் நடத்தியவர் விக்ரம் சாராபாய். அவர் நெசவில் ஒருநாளும் பயிற்சி பெற்றவரல்லர். விண்வெளிக் கதிர்களை ஆராய்ந்த பௌதிக அறிஞர். ஆலைக்காரர்கள் முதலில் ஐயுற்றிருப்பார்கள் என்று ஊகிக்கத் தடையில்லை. ஆயினும் அளவையின் அருமையை அறிந்தவருக்கு அளக்கும் பொருள் எதுவாயினும் ஒன்றே.

அதே ஆமதாபாத்தில் நிகழ்ந்த மற்றொரு செய்தி எமக்கு மிகவும் உவப்பானது. காலிகோ ஆலையில் தானியங்கித் தறிகள் 224 நிறுவப்பட்டன. எந்திரங்கள் உயர்ந்தவை, எனினும் எதிர்பார்த்த துணி கிடைக்கவில்லை, பழுதும் குறையவில்லை. 1953-இல் இலண்டனிலுள்ள டேவிஸ்டாக் நிலையத்தைச் சேர்ந்த ரைஸ் என்பவர் ஆலோசகராக வந்து பார்த்தார். அறுந்த இழையை முடிவோர், நாடாவுக்கு நூல் வைப்போர், எண்ணெயிடுவோர், தறி பழுதுபார்ப்போர் என்று ஏறக்குறைய முப்பது பேருக்கு வேலை துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொருவரும் வெவ்வேறு எண்ணிக்கையுள்ள தறிகளைக் கவனித்தனர். ஆதலின் 'இந்தத் தறி என்னுடையது' என்று சொல்ல ஒருவருமில்லை. ரைஸ் ஓர் எந்திரத்தையும் மாற்றவில்லை. சில தறிகளுக்கு ஒரு சிறு குழு என்று வகுத்தால் என்ன என்று மட்டும் கேட்டார். தொழிலாளரும் மேற்பார்வையாளரும் அதனை உடனே பற்றிக்கொண்டு, யார் யாரோடு சேர்வதென்பதைத் தாமே முடிவு செய்தனர். தொடக்கத்து இடர்ப்பாடுகளைச் சரிசெய்தபின் உற்பத்தி உயர்ந்தது; பழுது குறைந்தது. ஆலையைப் புதுப்பித்தல் என்றவுடனே புது எந்திரங்களின் விலைப்பட்டியலைத் திறக்கும் ஆலோசகர் இவ்வரலாற்றை ஒருமுறை படிப்பாராக.

நிற்க. இன்றைய ஆலையின் உள்ளே நடப்பதை விளக்காமல் அதன் காவலைப் பற்றிப் பேசுதல் இயலாது. தேனி வட்டாரத்து நூற்பாலை ஒன்றிற்குள் நுழைவதாகக் கொள்வோம். பஞ்சுப் பொதி பிரிக்கப்பட்டு, தூசு நீக்கப்பட்டு, கார்டிங் எந்திரத்திற் சீவப்பட்டு, இழுக்கப்பட்டு, இலேசாக முறுக்கப்பட்டு, இறுதியில் ரிங் பிரேம்களிலுள்ள ஆயிரக்கணக்கான கதிர்களில் நூலாகிறது. இவ்வெந்திரம் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் இரும்புப் பெட்டி உண்டு. அதனுள்ளே பி.எல்.சி. என்னும் சிறு கணிப்பொறி இருக்கிறது. எப்பொழுது ஓடவேண்டும், எவ்வளவு விரைவில் ஓடவேண்டும், எப்பொழுது நிற்கவேண்டும் என்று எந்திரத்துக்கு ஆணையிடுவது அதுவே.

அதன் பிறப்பும் ஓர் ஆலையின் தேவையாலேயே நேர்ந்தது. 1968-இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார், காரின் மாதிரியை மாற்றும்போதெல்லாம் சுவர் நிறைந்த ரிலேக்களின் கம்பிகளை அவிழ்த்துக் கட்ட வேண்டியிருந்ததைப் பொறாது, கம்பியை மாற்றாமல் கட்டளையை மட்டும் மாற்றத்தக்க கருவி வேண்டும் என்று கேட்டனர். டிக் மார்லி முதலியோர் செய்த மாடிகான் 084 என்பது அதற்கு விடையாயிற்று. மாடிகான் கம்பெனியார் 1979-இல் இத்தகைய பெட்டிகள் தமக்குள் பேசிக்கொள்வதற்கு மாட்பஸ் என்னும் மொழியை வகுத்தனர். எளிய மொழி; ஆகையால் உலகெங்கும் பரவியது; இன்றும் நம் ஆலைகளின் மின்னளவிகள் பலவும் அதனையே பேசுகின்றன. அம்மொழியில் ஒரு குறை உண்டு. ஆணை கொடுப்பவன் யார் என்று கேட்கும் சொல் அதனில் இல்லை. 'வேகத்தைக் குறை' என்று எவன் கூறினும் பெட்டி கீழ்ப்படியும். அது குற்றமன்று. அக்காலத்தில் அப்பெட்டியோடு பேசவேண்டுமாயின் ஆலையின் வாயிற்காவலனைத் தாண்டி, எந்திரத்தின் அருகே சென்று, கம்பியைச் செருகவேண்டும். வாயிற்காவலனே கடவுச்சொல்லாக இருந்தான்.

இப்பொழுது அக்கம்பி ஆலைக்கு வெளியே நீண்டுவிட்டது. ஏன் நீண்டது என்பதையும் நேர்மையுடன் சொல்லவேண்டும். அதனால் விளைந்த நன்மை பொய்யன்று. நூற்பாலையிற் காற்றை ஈரமாக வைத்திருக்கப் பெரிய விசிறிகள் இரவும் பகலும் சுழலும். விசிறியின் வேகத்தைச் சிறிது குறைத்தால் அது கொள்ளும் மின்சாரம் வேகத்தின் முப்படி விகிதத்திற் குறையும் என்பது பௌதிக வகுப்பிற் கேட்ட செய்தி. வேகத்தைப் பத்தில் எட்டுப் பங்காக்கினால் மின்சாரம் ஏறக்குறையப் பாதியாகும். வெளியே மழை பெய்து காற்றில் ஈரம் மிகுந்த நாளில் விசிறி முழுவேகத்திற் சுழலவேண்டியதில்லை. இதனை மனிதன் மணிக்கொரு முறை பார்த்துத் திருப்ப இயலாது. ஈரமானியும் இன்வெர்ட்டர் டிரைவும் இணைந்த பி.எல்.சி. செய்யும். எந்தக் கதிரில் நூல் அடிக்கடி அறுகிறது, எந்த எந்திரம் வீணே நின்றது என்பவற்றை மேலாளர் தம் வீட்டிலிருந்தே காணலாம். எந்திரம் பழுதுபட்டால் அதனைச் செய்த கம்பெனியின் எஞ்சினீயர் கோயமுத்தூரிலோ ஐரோப்பாவிலோ இருந்தவாறே இணையத்தின் வழியாக நோக்கித் திருத்தலாம். அவர் வருவதற்காக மூன்று நாள் எந்திரத்தை நிறுத்திவைத்த காலத்தை அறிந்தவர்கள் இதனை வேண்டா என்று சொல்லார்.

சில ஆண்டுகளுக்கு முன் இப்பள்ளத்தாக்கின் நூற்பாலை ஒன்றிற்கு யாம் சென்றிருந்தோம். ஊரும் பேரும் வேண்டா. முதலாளி விருப்பத்தோடு புதுமைகளைச் செய்தவர். அவரிடம், ஆலையின் வலையமைப்பை இன்னார்தாம் காண்கிறார் என்று தெரியுமா என வினவினோம். அவர் நகைத்து, "ஐயா, நம்ம மில்லுல திருட என்ன இருக்கு? நூலு கோடவுன்ல இருக்கு, அதுக்கு வாட்ச்மேன் இருக்காரு" என்றார். நல்ல விடை, யாமும் அப்பொழுது அதற்குத் தக்க மறுமொழி கூறவில்லை. எஞ்சினீயர் வெளியிலிருந்து நுழைவதற்கு வைத்த கடவுச்சொல் எந்திரப் பெட்டியின் கதவிற் சுண்ணக்கட்டியால் எழுதப்பட்டிருந்ததைக் கண்டு, அதனை அழிக்குமாறு மட்டும் சொல்லித் திரும்பினோம். அவ்வளவோடு நின்றது எம் தவறு.

தீபாவளிக்குச் சில நாட்களுக்கு முன் ஒரு காலையில் அவ்வாலையின் அலுவலகக் கணிப்பொறிகள் யாவும் ஒரே அறிவிப்பைக் காட்டின. கோப்புகள் பூட்டப்பட்டன, திறவுகோல் வேண்டின் இத்தனை பணம் தருக என்பது அதன் கருத்து. முதலாளியின் வினாவுக்கு விடை அன்றுதான் எமக்கு விளங்கிற்று. இக்கள்வர் எடுத்துச் சென்று சந்தையில் விற்பதில்லை. உமது பொருளை உமக்கே விற்கிறார்கள். பிறருக்குப் பயனற்ற ஆலைக் கணக்கு ஆலைக்காரருக்கு மட்டும் விலைமதிப்புடையதன்றோ? கணக்கின் படி ஒன்று தனி டிஸ்கில் இருந்தது உண்மை. ஆனால் அந்த டிஸ்க் எப்பொழுதும் அதே கணிப்பொறியிற் செருகப்பட்டே கிடந்தமையால் அதுவும் உடன் பூட்டப்பட்டது. ரிங் பிரேம்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றின் பெட்டிகள் தத்தம் கட்டளையைத் தம்முள்ளே கொண்டிருந்தன. நின்றது வேறொன்று. தொழிலாளரின் வருகை விரல்ரேகையாற் பதிவு செய்யப்பட்டு அதே கணிப்பொறியில் இருந்தது. போனஸும் கூலியும் கொடுக்கவேண்டிய வாரம். யார் எத்தனை நாள், எத்தனை இரவு வேலை செய்தார் என்பது ஒருவருக்கும் தெரியாது.

இரவு வேலையைப் பார்த்த வயது முதிர்ந்த மேஸ்திரி ஒருவர் ஒரு பள்ளிக்கூட நோட்டைக் கொண்டுவந்து மேசைமீது வைத்தார். நாள்தோறும் வந்தவர் பெயரைப் பென்சிலால் எழுதியிருந்தார். எழுதச் சொன்னவர் ஒருவருமில்லை. "மிஷினுல விரல் வச்சாலும் எனக்கு எழுதுனாத்தான் ஐயா மனசு ஆறும், எம் பேத்தி பழைய நோட்டுல மிச்சப் பக்கம் கெடந்துச்சு" என்றார். பகல் வேலைக்கு அத்தகைய நோட்டு இல்லை. அவர்களுடைய சொல்லையும் ஒருவர்க்கொருவர் சொன்ன சாட்சியையும் கொண்டு கணக்கு முடிக்கப்பட்டது. சிலருக்கு ஒரு நாள் கூடியும் சிலருக்குக் குறைந்தும் போயிருக்கலாம். கூலி தீபாவளிக்கு முன்னாள் இரவு கொடுக்கப்பட்டது. கள்வருக்குப் பணம் கொடுக்கப்படவில்லை. ஆனால் இரண்டு ஆண்டுக் கணக்கு மீளவில்லை.

இவ்வாறு நேர்வது சிற்றாலைகளுக்கு மட்டுமன்று. 2017 மே 12-ஆம் நாள் வான்னகிரை என்னும் பூட்டும் நிரல் உலகெங்கும் பரவியது. அதனைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் கம்பெனியார் மார்ச்சு மாதத்திலேயே வெளியிட்டிருந்தனர். அதனை இடாத கணிப்பொறிகளே அகப்பட்டன. சென்னையையடுத்த ஒரகடத்து ரெனோ-நிஸான் மோட்டார் ஆலையும் அதன் தாக்குதலை உணர்ந்தது. 'இரண்டு மாதம் இருந்ததே, ஏன் இடவில்லை?' என்று அலுவலக மேசையிலிருந்து கேட்பது எளிது. ஆலைக் கணிப்பொறியை நிறுத்தித் திருத்தம் இட்டால் அதனோடு பேசும் எந்திரம் அதன்பின் ஓடுமா என்பது எந்திரக் கம்பெனிக்கே ஐயம். ஓடுகின்ற எந்திரத்தைத் தொடாதே என்பது ஆலைகளின் பழைய விதி. அவ்விதியில் அறிவும் உண்டு.

அடுத்த ஆண்டு, 2018 ஆகஸ்டில், தைவான் நாட்டு டி.எஸ்.எம்.சி. என்னும் சில்லு ஆலை அதே நிரலின் வேறோர் உருவத்தால் ஏறக்குறைய மூன்று நாள் இடர்ப்பட்டது. இணையத்தின் வழியாக எவரும் நுழையவில்லை. புதிதாக வந்த எந்திரம் ஒன்றிலேயே நோய் இருந்தது. சோதிக்காமல் அதனை வலையமைப்பில் இணைத்தனர். புதிய எந்திரம் வந்தவுடன் மாலையிட்டுச் சந்தனம் பூசிப் பூசனை செய்யும் நாம், அதனை இணைக்குமுன் ஒருநாள் தனியே வைத்துச் சோதிப்பதையும் அச்சடங்கிற் சேர்த்துக்கொள்வதில் தடையொன்றுமில்லை.

நார்வே நாட்டு நோர்ஸ்க் ஹைட்ரோ என்னும் அலுமினியக் கம்பெனி 2019 மார்ச்சு 19-ஆம் நாள் தாக்கப்பட்டது. சில மாதங்களுக்கு முன் ஒரு வாடிக்கையாளரிடமிருந்து வந்த கடிதத்தோடு கள்வர் நுழைந்திருந்தனர். கம்பெனியார் பணம் கொடுக்க மறுத்து, நடந்ததை வெளிப்படையாகச் சொல்லி, முடிந்த இடங்களிற் கையால் எந்திரங்களை ஓட்டினர். பழைய காகிதக் குறிப்புகள் தேடி எடுக்கப்பட்டன. பழைய முறையை அறிந்த, ஓய்வுபெற்ற தொழிலாளர் சிலரும் வந்து உதவினர் என்பர். அதனைப் படித்தபொழுது எமக்கு மேஸ்திரியின் நோட்டே நினைவுக்கு வந்தது.

இவை பணம் பறிக்கும் கள்வரின் செயல்கள். எந்திரத்தையே கெடுக்கும் செயலும் உண்டு. 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்னும் நிரல், ஈரான் நாட்டு நதான்ஸ் ஆலையின் பி.எல்.சி. பெட்டிகளுட் புகுந்து, சுழலும் எந்திரங்களின் வேகத்தைத் தாறுமாறாக மாற்றியது. அதே வேளையிற் பார்ப்போர் திரையில் யாவும் நலமே என்று முன்பு பதிந்த எண்களைக் காட்டியது. அவ்வாலை இணையத்தோடு இணைக்கப்படாதது. பென் டிரைவ் வழியாக நோய் நுழைந்ததாகக் கருதப்படுகிறது. 2015 டிசம்பர் 23-ஆம் நாள் உக்ரைனில் மின்பகிர்வு நிலையங்களின் திரைகளை வெளியாட்கள் கைப்பற்றி, ஏறக்குறைய 2,25,000 இணைப்புகளுக்கு மின்சாரத்தைத் துண்டித்தனர். ஊழியர்கள் வண்டியேறித் துணைநிலையங்களுக்குச் சென்று கையால் விசைகளை மூடியதனாற் சில மணி நேரத்தில் விளக்கு எரிந்தது. நம் நாட்டில், கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கணிப்பொறி ஒன்றில் நோய் கண்டதாக 2019-இற் செய்தி எழுந்தது. அக்டோபர் 30-ஆம் நாள் அணுமின் கழகத்தார் அதனை ஒப்புக்கொண்டு, அஃது அலுவலக வலையமைப்பைச் சேர்ந்ததென்றும், அணு உலையை நடத்தும் அமைப்பு அதனினின்று வேறாகப் பிரிக்கப்பட்டதென்றும் விளக்கினர்.

வேறாகப் பிரித்தல் என்னும் இச்சொல்லே எம் தொழிலிற் பாதி. கூடலூர் உழவருக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. மலையிலிருந்து வரும் நீரை ஒரே வாய்க்காலில் விட்டால் ஓர் உடைப்பிற் பள்ளத்தாக்கு முழுவதும் அழியும். ஆதலின் மதகும் மடையும் கிளைவாய்க்காலும் வைத்தனர். ஆலையிலும் கூலிக்கணக்குக் கணிப்பொறி ஒரு கிளை. காமிராக்கள் ஒரு கிளை. எந்திரப் பெட்டிகள் மற்றொரு கிளை. ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் செல்ல வேண்டுவது எது, வேண்டாதது எது என்று தீர்மானித்து நடுவில் ஒரு மடைக்கருவி வைக்கவேண்டும். எண்கள் எந்திரத்திலிருந்து அலுவலகத்துக்கு வரலாம். ஆணைகள் அலுவலகத்திலிருந்து எந்திரத்துக்குச் செல்லவேண்டியதில்லை. இதற்கு உலகளவில் ஐ.ஈ.சி. 62443 என்னும் தரவரிசை வகுக்கப்பட்டுள்ளது. பல பாகங்களாக விரிந்த அந்நூலை முழுவதும் கற்றுத்தான் சிற்றாலையைக் காக்கவேண்டும் என்பதில்லை. ஆலோசகர் அதனைக் கற்றிருத்தல் வேண்டும்.

ஆயினும் பிரிப்பதற்கு முன்னர் எண்ணவேண்டும். ஆலையில் எத்தனை பெட்டிகள், எவற்றுக்கு இணைப்பு உண்டு, எவை எவர் பொறுப்பில் உள்ளன என்று ஒரு நோட்டில் எழுதச் சொன்னால், எவ்வாலையிலும் ஒருவரும் அறியாத கருவி ஒன்றிரண்டாவது வெளிப்படும். மேலே கூறிய ஆலையில் யாம் பின்னர் எண்ணியபொழுது, முன்பு வந்த கம்பெனி எஞ்சினீயர் ஒருவர் தம் வசதிக்காக விட்டுச்சென்ற செல்போன் மோடம் ஒன்று பெட்டிக்குள் பச்சை விளக்கோடு உயிருடன் இருந்தது. அவர் நல்லெண்ணத்தோடு வைத்ததே. வெளியார் நுழையும் வழி எப்பொழுதும் திறந்திருத்தல் ஆகாது. அவர் கேட்கும்போது திறந்து, வேலை முடிந்தவுடன் மூடவேண்டும். வீட்டுக் கொல்லைக்கதவைக் குறித்து நம் பாட்டிமார் சொல்வதும் இதுவே.

கணக்கின் படிகளைப் பற்றி ஒன்று சொல்லி அமைவோம். மூன்று படிகள், இருவகைக் கருவிகளில், ஒன்று வேற்றிடத்தில் என்பது கணிப்பொறியாளர் கூறும் வாய்பாடு. அப்படிகளில் ஒன்றேனும் எக்கணிப்பொறியோடும் இணைக்கப்படாதிருத்தல் வேண்டும் என்பதை யாம் வலியுறுத்துவோம். எந்திரப் பெட்டிகளுள் இருக்கும் கட்டளைக்கும் படி வேண்டும். பெட்டி எரிந்துபோனபின் அதனைச் செய்த கம்பெனியைத் தேடி, அக்கம்பெனியே இப்பொழுது இல்லை என்று அறியும் ஆலைகள் உண்டு. படி எடுப்பதோடு, எடுத்த படியிலிருந்து மீட்டுப் பார்ப்பதும் ஆண்டுக்கு இருமுறையாவது நடக்கவேண்டும். தாக்குதல் நேர்ந்தால் மறைத்தல் கூடாது. 2022 ஏப்ரல் 28-ஆம் நாள் இந்திய அரசின் செர்ட்-இன் என்னும் அமைப்பு பிறப்பித்த ஆணைப்படி, இத்தகைய நிகழ்ச்சியை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவிக்கவேண்டும். பெயர் கெடும் என்று அஞ்சி மறைக்கும் முதலாளிகளை யாம் அறிவோம். அவ்வச்சத்தினால் அடுத்த ஊர் ஆலையும் அதே வலையில் விழுகிறது.

செலவைக் குறித்து ஐயம் எழும். எம் அனுபவத்தில், சிற்றாலை ஒன்றிற்கு இவற்றிற் பெரும்பாலன எந்திரம் வாங்கும் செலவோடு ஒப்பிடத்தக்கன அல்ல. மடைக்கருவிக்கும் தனி டிஸ்குகளுக்கும் பணம் வேண்டும்; எண்ணுவதற்கும் கடவுச்சொல்லை மாற்றுவதற்கும் இரவு மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கேட்பதற்கும் பொறுமையே வேண்டும். காவலின் பெயரால் வேண்டாத கருவிகளை விற்கும் ஆலோசகரும் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. கருவியைச் செய்த கம்பெனியிடம் தரகு பெறுபவரின் அறிவுரையைச் சிறிது உப்பிட்டே உண்ணவேண்டும். ஆலைக்குள் ஒருநாள் முழுவதும் நடக்காமல், மூன்று ஷிப்டுகளில் ஒன்றையேனும் இருந்து பாராமல், அலுவலகத்திலேயே காப்பி அருந்தித் திட்டம் எழுதிக் கொடுப்பவரை வழியனுப்பிவிடலாம். முதல்முறை சென்றபொழுது யாமும் காப்பி அருந்தித் திரும்பியவர்களே.

அந்த ஆலை இன்றும் ஓடுகிறது. வருகைப்பதிவு எந்திரம் தனிக் கிளைக்கு மாற்றப்பட்டது. நாள்தோறும் மாலையில் அதன் பட்டியல் காகிதத்தில் அச்சிடப்பட்டு வாயில் அறையின் ஆணியிற் குத்தப்படுகிறது. மேஸ்திரிக்கு ஆலைச் செலவில் புதிய நோட்டு வாங்கிக் கொடுத்தனர். அவர் அதனைப் பேத்திக்குக் கொடுத்துவிட்டுப் பழைய நோட்டின் மிச்சப் பக்கங்களிலேயே எழுதிவருகிறார். சென்ற திங்கள் முதலாளி எம்மைத் தொலைபேசியில் அழைத்து, கூரைமேல் சூரிய மின்தகடுகள் வைக்கப்போவதாகவும், அவற்றின் இன்வெர்ட்டரை விற்பவர் செல்போனிலிருந்தே நிறுத்தவும் ஓட்டவும் முடியும் என்று சொல்வதாகவும் மகிழ்ச்சியோடு கூறினார். வேறு எவருடைய செல்போனிலிருந்து நிறுத்தமுடியும் என்று வினவினோம். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "கேட்டுட்டு வர்றேன் ஐயா" என்று சொல்லி வைத்துவிட்டார்.